வசந்தாவின் பதினோரு ஆடுகள்

28-11-2005
மழை விட்டு நான்கு நாள். வசந்தாவின் ஆடுகளில் பதினொன்று போய்விட்டன. உப்பளத்து வேலைக்காரன் இருசப்பன், மழையில் மூழ்கிக் கிடந்த உப்புப் பாத்தித் தண்ணீரை மேய்ச்சல் பக்கம் வெட்டிவிட்டான். அதைக் குடித்துத்தான் செத்தன என்கிறாள். வெட்டிவிட்டதை அவனும் மறுக்கவில்லை. ஞாயிறு ஊர்க்கூட்டம். தீர்ப்பு இப்போதே தயார்: இனி உப்பளத்தில் அவன் கால் வைக்கக் கூடாது. அவனுக்கு வேறு தொழில் தெரியாது.

எங்கள் பத்திரிகை ஆசிரியர் போனில், "உப்பளக் கழிவுக்கு ஆடுகள் பலின்னு அடிச்சி அனுப்புங்க சார்" என்றார். மாட்டேன் என்றேன். செத்த ஆடு ஒன்றைக்கூட நான் பார்க்கவில்லை.

29-11
இருந்தால்தானே பார்க்க! ஆடு தலை தொங்கியதும் அறுத்துவிடுகிறார்கள். தானாகச் செத்தால் கறி ஆகாது.

"நுரையீரல் மட்டும் கல்லாட்டம் இருந்திச்சி. வேகவே இல்ல. நாய்க்குப் போட்டுட்டேன்" என்றாள் வசந்தா.

உப்புத் தண்ணீர் என்றால் வயிறுதானே கெடும் என்றேன்.

"நீங்க பேப்பர்காரரு. ஆடு மேய்ச்சிருக்கீங்களா?"

இல்லை. முப்பத்தொரு வருஷமாகக் கேள்வி கேட்டிருக்கிறேன். கேட்பேன்.

1-12
கொட்டகையில் ஓர் ஆடு இருமிக்கொண்டிருந்தது. அறுக்காதே என்றேன். "செத்தா கறிய நீ தின்னுவியா?" மரியாதை போயிற்று. போகட்டும். நகரவில்லை நான்.

மழைக்காக நாலு பக்கமும் தார்ப்பாயை இறுக்கிக் கட்டியிருக்கிறாள். உள்ளே முப்பது ஆடு. மூத்திர நெடி கண்ணைக் கரித்தது.

2-12
அந்த ஆடு செத்தது. அறுபடாமல், முழுசாக.

3-12
கால்நடை டாக்டர் தட்சணாமூர்த்தி அறுத்துப் பார்த்தார். வயிற்றில் கோளாறில்லை. நுரையீரல் ஈரல்போலக் கெட்டி. துளி எடுத்துச் சாயம் போட்டு மைக்ரோஸ்கோப்பில் காட்டினார். எங்கும் வெள்ளையணுக்கள், பாதி உடைந்து.

நல்ல ஆட்டின் தொண்டையிலேயே இந்த நோயின் கிருமி இருக்குமாம். ஈரம், நெரிசல், நெடி — ஆடு தளர்ந்ததும் நுரையீரலுக்குள் இறங்குகிறது. எதிர்க்க வெள்ளையணுக்கள் ஓடிவருகின்றன. கிருமியின் நஞ்சு அவற்றை வெடிக்கவைக்கிறது. கிருமியைக் கரைக்க அவை வைத்திருந்த சரக்கு கொட்டி, நுரையீரலையே கரைக்கிறது.

"கிருமி பண்ணது பாதி சார். காப்பாத்த வந்தது பண்ணது பாதி."

இதை அனுப்பினேன். "ஆட்டுச் சளிக்கு யார் சார் எடம் தருவா?" என்றார் ஆசிரியர். சரி, பேப்பர் வேண்டாம்.

4-12, ஞாயிறு
கூட்டத்தில் எழுந்து டாக்டரின் அறிக்கையைப் படித்தேன்.

"இருசப்பன் உனுக்கு மாமனா மச்சானா?" சிரிப்பு.

முதலிலிருந்து படித்தேன். மறுபடி கத்தினார்கள். மூன்றாவது முறையும் முதலிலிருந்து.

தார்ப்பாய் என்ற சொல் வந்த இடத்தில் வசந்தா எழுந்தாள். "நாந்தான் கட்னேன். குளிருமேன்னு கட்னேன்."

தீர்ப்புச் சொல்லாமலே கலைந்தார்கள்.

9-12
தார்ப்பாய் அவிழ்த்தாயிற்று. எல்லாவற்றுக்கும் ஊசி. இன்னும் இரண்டு போயின. மற்றவை மேய்கின்றன.

6-2-2006
காலையில் உப்பளப் பக்கம் போனேன். இருசப்பன் பாத்தித் தரையை மிதித்து இறுக்கிக்கொண்டிருந்தான். வசந்தாவின் ஆடுகள் வரப்பில் ஏறின.

"யக்கா, ஆட்ட எறக்கு! வரப்பு சரியுது!"

"சரிஞ்சா கட்டு. அதுக்குத்தானே உன்ன வெச்சிருக்காங்க!"