பதினொரு பேருக்கு ஒரே குரல்

ஹேர்னிங்
23 மே 2009, சனிக்கிழமை

அன்புள்ள மகள் கிருபாஷினிக்கு,

ஆண்டவருடைய இரக்கத்தால் நானும் அப்பாவும் தங்கச்சியும் சுகம், பிராக்கில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய் என்ற நம்பிக்கையில் எழுதுவது, என்று அம்மா தொடங்கச் சொன்னார். இனி எழுதுவது ஜெனனி. அம்மாவின் இரண்டு கையிலும் கோதுமை மா, இறைச்சி ரோல்ஸ் சுற்றிக்கொண்டே சொல்கிறார், நான் குசினி மேசையில் இருந்து எழுதுகிறேன். நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் உண்மையாகப் பதிவு செய்வேன் அக்கா, அதை அம்மாவிடமும் முதலிலேயே சொல்லிவிட்டேன். அதுக்கு அவர், எல்லா உண்மையையும் எழுதாதை பிள்ளை, தாள் காணாது என்கிறார். அதையும் எழுதிவிட்டேன். இந்தக் கடிதம் மிளகாய்த்தூளோடும் ஒலிப்பதிவு மெமரி அட்டையோடும் ஒரே பார்சலில் வரும், அட்டையை முதலில் எடுங்கள், தூள் கொட்டினாலும் கொட்டும்.

உங்கள் வேலையைப் பற்றி இங்கே எல்லாருக்கும் இப்போது ஓரளவு தெரியும். ஏழு நாட்டுப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து ஒரு கணினியைப் பழக்குகின்றன, அவசர உதவிக்குப் போன் எடுப்பவர் பதறினாலும் பிழையாகக் கதைத்தாலும் அது விளங்கிக்கொள்ள வேண்டும், டெனிஷ் பகுதிச் செலவில் பாதி டென்மார்க் அரசாங்கம், பாதி ஐரோப்பிய ஒன்றியம், இப்படித்தான் நான் எங்கள் தேவாலயச் சபையில் விளக்கினேன். நூலகத்தில் பார்த்து, இதற்குச் செயற்கை நுண்ணறிவு என்று பெயர் என்றும் சொன்னேன். அப்பா அதைச் சுருக்கி, எங்கட பிள்ளை மிஷினுக்கு டெனிஷ் படிப்பிக்கிறா என்றார். உடனே மரியநாயகி அன்ரி, அப்ப எங்களுக்கும் கொஞ்சம் படிப்பிக்கச் சொல்லுங்கோ, நாங்கள் இருபது வருசமா ஒரே வகுப்பிலதான் இருக்கிறம் என்றார். ஆனால் போன தை மாதம் பக்கத்து வீட்டு மகேந்திரராசா அங்கிளுக்கு நெஞ்சு வலித்தபோது விமலாதேவி அன்ரி போனைக் கையில் வைத்துக்கொண்டு டெனிஷில் ஒரு சொல்லும் வராமல் நின்று, பிறகு பனிக்குள் செருப்பில்லாமல் எங்கள் வீட்டுக் கதவுக்கு ஓடி வந்தது எல்லாருக்கும் நினைவிருக்கிறது. அங்கிள் இப்போது நன்றாக நடக்கிறார். அதனால்தான் குரல் வேண்டும் என்று நீங்கள் கேட்டவுடன் யாரும் மறுக்கவில்லை.

ஈஸ்டர் விடுமுறையில் நடந்தது உங்களுக்குப் பாதிதான் தெரியும். தையல் தொழிற்சாலையில் அம்மாவோடு வேலை செய்கிறவர்களும் சபை ஆட்களும் விமலாதேவி அன்ரியுமாக, அம்மாவோடு சேர்த்துப் பதினொரு பேர் நல்ல சாறி கட்டிக்கொண்டு எங்கள் வீட்டில் கூடினார்கள். கூடி, நீங்கள் அனுப்பிய சின்ன ஒலிப்பதிவுப் பெட்டியை என் முன்னால் தள்ளி வைத்தார்கள். நீ கதை பிள்ளை, நான் பக்கத்தில இருக்கிறன் என்றார் மரியநாயகி அன்ரி. அன்ரி, உங்கட குரல்தான் வேணுமாம் என்றேன். அதைத்தானே நானும் சொல்லுறன், டொக்டருக்குப் போன் எடுக்கிறது ஆர், பள்ளிக்கூடத்துக்கு எடுக்கிறது ஆர், கொம்யூன் கந்தோருக்கு எடுக்கிறது ஆர், எங்கட குரல் எண்டா ஜெனனிதானே என்றார். யாரும் சிரிக்கவில்லை, ஓம் ஓம் என்று தலையாட்டினார்கள். பிறகு ஒவ்வொருவரும் பக்கத்தில் இருந்து தமிழில் சொல்ல, மரியநாயகி அன்ரியின் முழங்கால் நோவையும் விமலாதேவி அன்ரியின் கத்தரிக்கன்றையும் நானே என் முழங்கால், என் கத்தரிக்கன்று என்று டெனிஷில் சொன்னேன். போனில் நான் வழமையாகச் செய்வதுதான், அதனால் எனக்கும் அது வித்தியாசமாகத் தெரியவில்லை.

உங்கள் திட்டத்தின் டெனிஷ் பகுதித் தலைவி மாக்கிரட் இந்த மாதத் தொடக்கத்தில் வீட்டுக்குப் போன் எடுத்தார். இன்பமலர் இருக்கிறாரா என்று கேட்டார். நான் பழக்கத்தில், ஓம், இன்பமலர்தான் கதைக்கிறன் என்றேன். அதற்கு அவர், உங்களை எனக்கு நல்லாத் தெரியும், முழங்கால் நோவு எப்பிடி இருக்கு, கத்தரி காய்ச்சிட்டுதோ என்று கேட்டுவிட்டு அப்படியொரு சிரிப்புச் சிரித்தார். பதினொரு பேர் என்று போட்டிருக்கிறது, கணினியோ இது ஒரே ஆள், அதுவும் ஒரு சிறுமி என்று அடித்துச் சொல்கிறதாம். சிரித்து முடித்ததும், உன்னை இந்த நாட்டில் எந்தக் கணினியும் இப்போதே விளங்கிக்கொள்ளும், எனக்கு உன் அம்மா வேண்டும் என்றார். பெரியவர்களாகி டெனிஷ் படித்தவர்களின் குரல் இல்லாவிட்டால் ஆனி மாதம் பிரசெல்ஸில் பரிசோதிக்கும்போது டெனிஷ் பகுதியைக் கழித்துவிடுவார்கள் என்றும், அதோடு பிராக்கில் உங்களுக்குரிய இரண்டு வருட வேலையும் போய்விடும் என்றும் அவர்தான் சொன்னார். நீங்கள் இதைச் சொல்லாமல் மறைத்ததில் அப்பாவுக்குக் கோபம். அம்மாவுக்கு இல்லை. அவர் போனை வாங்கி இரண்டு கையாலும் பிடித்து, யா, யா, தக் என்று ஓமும் நன்றியும் மட்டும் சொல்லி வைத்துவிட்டு, மனிசி என்னவாம் என்று என்னிடம் கேட்டார்.

இந்தக் கிழமையைப் பற்றியும் எழுத வேண்டும். திங்கட்கிழமை ஊரில் சண்டை முடிந்துவிட்டது என்று தொலைக்காட்சியில் சொன்னார்கள். நித்தியானந்தன் மாமா தை மாதம் வன்னியிலிருந்து எடுத்த போனுக்குப் பிறகு இன்னும் ஒரு தகவலும் இல்லை. முகாமுக்கு ஆக்கள் வந்துகொண்டே இருக்கினம், தம்பியும் வருவான், அவன் எங்கையும் கடைசியாத்தான் வந்து சேருவான் என்று அம்மா உறுதியாகச் சொல்கிறார். தொழிற்சாலையில் பக்கத்து மெஷினில் இருக்கும் டெனிஷ் பெண் அம்மாவைக் கட்டிப்பிடித்து, சண்டை முடிஞ்சுது, இனிச் சந்தோஷம்தானே என்று கேட்டாராம். அம்மா யா, தக் என்றுவிட்டு வந்தார். வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் கதிரையில் இருந்து, அவவுக்கு நான் சொல்ல இருந்தது ஒண்டு, சொன்னது ஒண்டு என்றார்.

வியாழக்கிழமை மரியநாயகி அன்ரி வந்து, இந்த நேரத்தில என்ன ஒலிப்பதிவு, சனிக்கிழமை திரும்பப் பதியிறதை விடுவம் என்றார். அம்மா விடவில்லை. கொப்பன்ஹேகனில ஆர்ப்பாட்டத்துக்கு எத்தினை தரம் போய் நிண்டனாங்கள், பேப்பர்காரர் மைக்கை நீட்டினா பிள்ளையளை முன்னுக்குத் தள்ளிவிட்டிட்டு நாங்கள் பின்னால நிண்டம், பிள்ளையள் வடிவாத்தான் கதைச்சவை, ஆனா எங்கட வாயால ஒரு சொல் போகேல்லை என்றார். பிறகு என்னைப் பார்த்து, நாங்கள் கதைக்கிறதை மிஷின் மட்டுமோ கேக்கும், மனிசரும் கேப்பினமோ என்று கேட்டார். நீங்கள் எழுதியிருந்ததை எடுத்து வாசித்துக் காட்டினேன். முதலில் டெனிஷ்காரர் ஒருவர் காதில் மாட்டிக் கேட்டுச் சொல்லுக்குச் சொல் எழுத வேண்டும், தடுமாறினாலும் பேசாமல் நின்றாலும் அதையும் குறிக்க வேண்டும், இன்னொருவர் திரும்பக் கேட்டுச் சரிபார்க்க வேண்டும், அதன் பிறகுதான் அது ஏழு நாட்டுக்கும் போகும். அப்ப கேக்கிறவை இடையில எழும்பிப் போகேலாது, என்றார் அம்மா. ஏலாது, முழுக்கக் கேட்டுத்தான் ஆகவேணும் என்றேன். அப்ப நான் தம்பியைப் பற்றிச் சொல்லப்போறன், என்றார். மரியநாயகி அன்ரி, ரோல்ஸ் செய்யிறதெண்டா நானும் வாறன் என்றார்.

நான் அம்மாவுக்கு உதவ நினைத்து, டெனிஷில் பிழையில்லாமல் எழுதித் தாறன், பார்த்து வாசியுங்கோ என்றேன். வேண்டாம், நீ எழுதினா அது திரும்பவும் உன்ர குரல்தான் என்றார். எனக்கு முதலில் கொஞ்சம் கவலையாக இருந்தது, பிறகு சரியென்று பட்டது. இரண்டு நாளாக அம்மா பாத்திரம் கழுவும்போது மெல்லிய சத்தத்தில் டெனிஷ் கதைக்கிறார், தம்பி என்ற சொல்லுக்குப் பிறகு ஒரு இடத்தில் நிற்கிறார், பிறகு திரும்பவும் தொடங்குகிறார். பிழை இருக்கிறது அக்கா, ஆனால் எனக்கு எல்லாம் விளங்குகிறது. உங்கள் கணினிக்கும் விளங்கும் என்று நினைக்கிறேன், விளங்காவிட்டால் நீங்கள் அதைத்தான் திருத்த வேண்டும்.

அப்பா ஆட்களை ஏற்றிவரக் காரில் போய்விட்டார். வீட்டுக்குக் கீழுள்ள அறையில் கதிரைகள் போட்டாயிற்று. நீங்கள் சொன்னபடி, பதிவில் இரையாமல் இருக்கக் குளிர்பெட்டியையும் நிற்பாட்டியாயிற்று, இறைச்சி பழுதானால் கிருபாதான் பொறுப்பு என்று அப்பா சொல்லிவிட்டுப் போனார். இனி அம்மா சொல்வது. பிள்ளை, பிரசெல்ஸுக்குப் போகும்போது நல்ல சப்பாத்துப் போட்டுக்கொண்டு போ, பழைய கறுப்புச் சப்பாத்து வேண்டாம். அங்கே யாராவது இந்தக் குரல் யாருடையது என்று கேட்டால், என்ர அம்மாவின்ர என்று தலையை நிமிர்த்திச் சொல்லு. உன் வேலை உன்னை விட்டுப் போகாது, நாங்கள் இருக்கிறோம். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் போன் எடுக்க மறக்காதே, மாமாவைப் பற்றித் தகவல் வந்தால் அதற்கு முதலே நாங்கள் எடுப்போம். கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக.

உன்னை எப்போதும் நினைத்திருக்கும்
அம்மா இன்பமலர், அப்பா இன்பநாதன்
(சொல்லக் கேட்டு எழுதியது, ஜெனனி)

அக்கா, இதை அட்டையோடு வைத்து ஒட்டுவதற்கு முன் இன்னும் கொஞ்சம். எல்லாரும் வந்துவிட்டார்கள், மகேந்திரராசா அங்கிளும் வந்திருக்கிறார். அம்மாதான் முதலில். நான் பக்கத்தில் இருந்தால் சொல் வராதபோது என் முகத்தைப் பார்ப்பாராம், அதனால் என்னை வெளியே போகச் சொல்லிவிட்டார், படிக்கட்டில் இருந்து எழுதுகிறேன், வாசல் கண்ணாடியால் இன்னும் நல்ல வெளிச்சம் வருகிறது. கீழே ரியூப் லைற் இரைகிறது, அந்த இரைச்சல் பதிவில் விழும் என்று நீங்கள் எழுதியதை அம்மா மறக்கவில்லை. விமலாதேவி அன்ரி சுவிட்சைத் தேடுகிறார், மரியநாயகி அன்ரி, அதில்லை, மற்றது என்கிறார். இப்போது இரைச்சல் நின்றுவிட்டது. விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.