வலது விலாவின் கீழே

என் அக்கா, வலியைக்கூட அடுத்த அறைக்குக் கேட்காமல் சொன்னவளே,

உன் மகள் பாக்கியத்துக்குப் பதினேழு வயது. பதுளை ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறாள். நான்கு நாட்களாகச் சிறுநீர் சிவப்பாகப் போகிறது.

மூக்கின் இரு புறமும் உனக்கு இருந்த அதே சிவந்த பருக்கள். நீ கடலைமாவு பூசிப் பூசி அலுத்துப்போனவை. அந்தப் பருக்களும் சிறுநீரகக் கட்டியும் ஒரே உடம்பில் சேர்ந்து வருவதுண்டு என்றும், தாயிடமிருந்து பிள்ளைக்கு இறங்கும் என்றும் நீ போன பிறகுதான் படித்தேன்.

ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் அந்தக் காலை. மச்சான் அங்கே கணக்கப்பிள்ளை. நான் கொழும்பில் மருத்துவம் சேர்ந்த முதல் வருடம், விடுமுறையில் உன்னைப் பார்க்க வந்திருந்தேன். விலாவில் ஏதோ கட்டி என்றாய். தோட்டத்துக்கு மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் வாசலோடு நின்றுகொண்டார். பெண்ணின் வயிற்றில் அந்நிய ஆணின் கை படக்கூடாது. வலிக்கும் இடத்தை வீட்டு ஆண் தன் உடம்பில் தொட்டுக் காட்டுவான். அதுதான் வழக்கம்.

“உள்ள போய் கேட்டுட்டு வாங்க, கொழும்பு டாக்டரே,” என்று அவர் சிரித்தார்.

நீ எனக்கு எதிரே உட்கார்ந்து, சேலைக்கு மேல் கை வைத்தாய். உன் வலப்பக்கம். எதிரே இருந்த எனக்கு அது என் இடக்கைப் பக்கம். வெளியே வந்து என் இடது விலாவைத் தொட்டேன்.

“இடதா? அப்ப காய்ச்சல் கட்டிதான். மண்ணீரல் வீங்கியிருக்கு. இந்தத் தோட்டத்துல பாதிப் பேருக்கு இருக்கு. கொயினா குடுங்க.”

அந்தக் காய்ச்சல் மருந்தை மாதக்கணக்கில் குடித்தாய். காது இரைகிறது என்றாய். “இந்தக் கசப்ப எங்க மாமியாருக்குக் கலக்கிக் குடுத்தா பேச்சாச்சும் கொறையும்டா.” நானும் சிரித்தேன்.

பிறகு ஒரு மதியம், உள்ளுக்குள்ளேயே ரத்தம் கொட்டி, வண்டி பதுளைக்கு வருமுன் நீ குளிர்ந்துவிட்டாய்.

உன் உடலைத் திறந்து பார்த்தார்கள். வலது சிறுநீரகத்தில் இருந்தது. கொழுப்பும் ரத்தக்குழாய்களுமாக, மஞ்சளாக. புற்று அல்ல. பரவாது. ஆனால் அதன் குழாய்கள் பலமில்லாதவை, பெரிதானால் வெடிக்கும். தீங்கற்ற கட்டி என்று எழுதினார்கள். தீங்கற்ற. எந்தப் பக்கத்தை நான் காட்டினேன் என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

இப்போது அதே ஆஸ்பத்திரியில் நான் உதவி டாக்டர். உள்ளே பார்க்க இங்கே கருவி இல்லை. கைதான். பாக்கியத்தைப் படுக்கவைத்து, முதுகுக்கு ஒரு கையும் வயிற்றுக்கு ஒரு கையும் கொடுத்து, மூச்சை இழுக்கச் சொன்னேன். வலப்பக்கம், உள்ளங்கை நிறையும் தோடம்பழம் அளவு கட்டி. பிறகு இடப்பக்கம். ஆழத்தில், எலுமிச்சை அளவு. மூன்று முறை பார்த்தேன்.

பெரிய டாக்டர் அழுத்திப் பார்த்து, இடப்பக்கம் ஒன்றுமில்லை என்றார். வலது சிறுநீரகத்தை முழுதாக எடுத்துவிடலாம் என்றார்.

“எடுத்துட்டா தீந்துடும்ல மாப்ள? அதான் இன்னொன்னு இருக்குல்ல?” என்றார் மச்சான்.

“அந்த இன்னொன்னுலயும் இருக்கு மச்சான்.”

அவர் படியில் உட்கார்ந்துவிட்டார்.

கட்டியை மட்டும் தோண்டி எடுத்து, மிச்சத்தைத் தைத்து விடலாம் என்று கேட்டேன். பெரிய டாக்டர் அதைச் செய்ததில்லை. நான் கொழும்பில் ஒரே ஒரு முறை பார்த்திருக்கிறேன். ரத்தம் அதிகம் போகும். ஆபரேஷன் மேசையிலேயே உயிர் போய்விடவும் கூடும். பொறுப்பை நீயே எழுது என்றார். இரண்டு பக்கமும் கட்டி உண்டு என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

இந்த முறை என் கை சரியா, அக்கா?

காலையில் பாக்கியம் கேட்டாள். “மாமா, இது கெட்ட கட்டியா?”

“இல்லம்மா.”

“அப்ப அம்மா எதுல செத்தாங்க?”

போர்வையைச் சரிசெய்துவிட்டு வந்துவிட்டேன்.

மதியத்துக்குப் பிறகு சிறுநீர் இன்னும் இருண்டிருக்கிறது. நாடி வேகமாக ஓடுகிறது. மழை விடவில்லை. நாளைக் காலை மேசை. கத்தி பெரிய டாக்டருடையது. ரத்தக்குழாயை அழுத்திப் பிடிக்க வேண்டியவை என் விரல்கள்.

உனக்கு ஒரு வாக்கு. இந்தக் கடிதத்தை மடித்ததும் அவளிடம் போவேன். உன் நோவு எந்தப் பக்கம், நான் காட்டியது எந்தப் பக்கம் என்று சொல்வேன். அதற்குப் பிறகும் என் கை தன்மேல் படலாம் என்று அவள் சொன்னால்தான் நாளை உள்ளே போவேன்.

பாக்கியத்தின் தாய்மாமன்,
உன் தம்பி.