மாதாவுக்குப் பின்னால் ஒரு பெட்டி

மார்ச் 4, செவ்வாய்

இன்னொரு அபராதக் கடிதம். இந்த முறையும் பாடசாலைப் பகுதி. முப்பத்திரண்டு வருடம் பௌதிகம் படிப்பித்தவள், பள்ளிக்கூட வாசலில் நாற்பதைத் தாண்டிக் கார் ஓடினாள் என்று படத்துடன் அனுப்பியிருக்கிறார்கள். லைசென்ஸில் பதின்மூன்று புள்ளி. பத்துப் போய்விட்டது; மிச்சமும் போனால் லைசென்ஸே போய்விடும்.

டில்ஷா வாசித்துவிட்டுக் கையை நீட்டினாள். "இன்னொண்டு வந்தா கார்த் திறப்பு எனக்கு. நோ ஆர்கியுமென்ற், மம்மி."

மகள் சொல்வதில் பிழையில்லை. ஆனால் என் சிநேகிதி பவளத்தை ஆர் டயலிசிஸுக்குக் கொண்டுபோவது? கிழமைக்கு மூன்று நாள். ஆஸ்பத்திரி வாகனம் நினைத்த நேரம்தான் வரும். அவள் வாசலில் கதிரை போட்டுக் காத்திருக்க வேண்டும்.

டில்ஷா போகும்போது என் போனில் ஒரு செயலியும் போட்டுவிட்டாள். நான் எங்கே, எவ்வளவு வேகம் என்று தன் போனில் பார்ப்பாளாம்.

மார்ச் 9, ஞாயிறு

சிட்னிக்கு வந்திருந்த தம்பி அன்ரன் பேர்த்துக்குத் திரும்பினான். விமான நிலையத்தில் சின்னப் பெட்டி ஒன்றைக் கையில் திணித்தான். ராடர் டிடெக்ரர்.

"பொலிஸ் ராடர் பிடிச்சா இது முந்தியே கத்தும், அக்கா. நானும் பூட்டியிருக்கிறன். ஒரு பிரச்சினையுமில்லை."

மார்ச் 10, திங்கள்

கண்ணாடியில் ஒட்டினால் அசிங்கமாக இருந்தது. டாஷ்போர்டில் நிற்கும் மடு மாதா சுரூபத்துக்குப் பின்னால் வைத்தேன். வயர் சிகரெற் லைற்றர் ஓட்டைக்குள். பவளம் ஏறியதும் சிலுவை போட்டாள்.

"மாதாவுக்குப் பின்னால சிவப்பு வெளிச்சம் எரியுது, அன்னம். புதுமையோ?"

விளக்கினேன். இருட்டில் நீ டோர்ச் அடித்து ஒருவரைத் தேடினால், நீ அவரைக் காணமுதல் அவர் உன் வெளிச்சத்தைக் கண்டுவிடுவார். அதுபோலத்தான். விளங்கியது என்றாள். விளங்கவில்லை.

மார்ச் 19, புதன்

இன்று முப்பத்தொரு தடவை கத்தியது. பொலிஸ்: பூச்சியம். கடைகளின் தானியங்கிக் கதவு பதினான்கு, பக்கத்துப் புதுக் கார்களின் சென்சர் பதினாறு, தெரியாதது ஒன்று.

எல்லாக் கேள்விக்கும் கையுயர்த்தும் பிள்ளை ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கும். விடை தெரியாது என்று தெரிந்தும் கேட்கத்தான் வேண்டும். ஒருநாள் தெரிந்திருந்தால்? ஆகவே ஒவ்வொரு கீச்சுக்கும் பிரேக் போடுகிறேன்.

மார்ச் 28, வெள்ளி

பராமரிப்பு: பெட்டியின் முன்கண்ணாடியை மூக்குக்கண்ணாடித் துணியால் துடைத்தேன். 'ஹைவே'யிலிருந்து 'சிற்றி'க்கு மாற்றியதில் கத்தல் பாதியானது. வெயில் ஆகாது, இறங்கும்போது லேஞ்சித் துணியில் சுற்றிக் குசினிக்குக் கொண்டுபோகிறேன். பவளம் சொல்கிறாள், அவளைவிட அதைத்தான் நான் கவனமாக இறக்குகிறேனாம்.

ஏப்ரல் 2, புதன்

நிரந்தரக் கமரா ஒன்றைக் கடந்தோம். பெட்டி மூச்சும் விடவில்லை. சில கமராக்கள் ராடரில்லையாம்; வீதிக்குள் புதைத்த உணரிகளாம். கதவுக்குக் கத்துகிறது, கமராவுக்கு வாய் திறக்கிறதில்லை.

இன்றைக்கு வேகம் சரியாக இருந்தது. இப்போதெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது.

ஏப்ரல் 11, வெள்ளி

கதவைப் பூட்டிவிட்டு எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரிக் கார் தரிப்பிடத்தில் இருந்தபோது பவளம் மேலிருந்து போன் எடுத்தாள். "நாலு மணித்தியாலம் சும்மாதானே படுத்திருக்கிறன். உன்ர பெட்டியப்பற்றி வாசிச்சனான். இஞ்ச சிட்னியில அது காருக்குள்ள இருந்தாலே குற்றமாம். ஒன்பது பொயின்ற்."

ஒன்பது! என்னிடம் இருப்பதே மூன்று. கடவுளே, ஒரு மாசமா மாதாவையும் சேர்த்தெல்லே குற்றத்துக்கு உடந்தையாக்கிப்போட்டன்!

அன்ரனுக்கு அடித்தேன். "ஓ... அது பேர்த்திலதான் சரி போல" என்றான். போல!

பெட்டியை இடியப்பப் பெட்டிக்குள் வைத்துப் பவளத்தின் சால்வையால் மூடினேன். வீடு வரும்வரை எந்தப் பொலிஸ் காரைக் கண்டாலும், பாடக்குறிப்பு எழுதாத நாளில் இன்ஸ்பெக்டர் வந்து நின்றதுபோல இருந்தது.

ஏப்ரல் 12, சனி

எப்படி அகற்றுவது? காரில் ஏற்ற முடியாது. அன்ரனுக்கே தபாலில் அனுப்பலாமா என்று பவளத்தைக் கேட்டேன். "தபால்காரன்ர வாகனத்தில ஏத்தினா அந்தப் பாவிக்கு ஒன்பது போகாதோ?"

குசினி மேசையில் வைத்து ஒவ்வொரு ஆணியாகக் கழற்றினேன். உள்ளே சுண்டுவிரல் அளவில் ஒரு உலோக ஊதுகுழல். அலையை அள்ளிச் சேர்ப்பது அதுதான். நல்ல வேலைப்பாடு. அதை மட்டும் தையல் பெட்டிக்குள் போட்டுவிட்டு, மிச்சத்தைச் சுத்தியலால் நொறுக்கினேன்.

ஏப்ரல் 14, திங்கள்

கார் அமைதியாக இருந்தது. காலுக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. ஒரு கடைவாசலில் பவளம் திடீரென்று வாயால், "கீச்... கீச்" என்றாள்.

பிரேக் போட்டேன்.

ஜூன் 8, ஞாயிறு

நீண்ட விடுமுறை. இந்த நாட்களில் புள்ளி இரட்டிப்பாகப் போகும். நாற்பத்தாறில் ஊர்ந்து பூசைக்குப் போய்வந்தோம். வழிநெடுகக் கீச்சிட்டதில் பவளத்துக்குத் தொண்டை கட்டிவிட்டது.

ஜூலை 10, வியாழன்

டில்ஷா சொல்லாமல் வந்தாள். கையில் கடிதம். என் பெயர்தான் என்று வாங்கிப் பார்த்தேன். அவளுடைய பெயர்.

அந்த நீண்ட விடுமுறை ஞாயிறு, கார் ஓடிக்கொண்டே மடியில் போனைப் பார்த்திருக்கிறாள். மேலிருந்து கமரா பிடித்துவிட்டது. ஐந்து, இரட்டித்துப் பத்து. முன்பே மூன்று போயிருந்ததாம். அதை எனக்குச் சொன்னதில்லை. மூன்று மாதம் லைசென்ஸ் இல்லை.

"ஓடேக்க என்னத்தையடி பார்த்தனீ?"

தலையைக் குனிந்தாள். "உங்களத்தான், அந்த அப்பில. அறுபது ரோட்டில நாப்பத்தாறில போறீங்கள். கார் பழுதோ, சுகமில்லையோ எண்டு... ஐ வோஸ் வொறீட், மம்மி."

பெட்டியைப் பற்றிச் சொல்ல இதுதான் நேரம் என்று தோன்றியது. தேத்தண்ணி போட எழும்பினேன்.

ஓகஸ்ட் 18, திங்கள்

டில்ஷாவின் மூன்று மாதம் இன்று தொடங்குகிறது; அவளுடைய வேலையிடத்துக்கு ரயில் இல்லை. இனி நான்தான் ஏற்றி இறக்குகிறேன். முன் சீற் பவளத்துடையது. டில்ஷா பின்னால் ஏறினாள். ஏறியதும் அவள் போன் கிணுங்கியது: அம்மா ஓடத் தொடங்கிவிட்டாராம்.

கடைத்தெரு வந்தது. "கீச்... கீச்."

"பவளம் அன்ரி, வாட் இஸ் தட்?"

"கொம்மான்ர பிரேக், பிள்ளை."

டில்ஷா மணிக்கூட்டைப் பார்த்தாள். "மம்மி, லேட்டாகுது. ப்ளீஸ், கொஞ்சம் வேகமா அமத்துங்கோவன்."

பவளம்தான் பதில் சொன்னாள்:

"கீச்."