விரலுக்குத் தட்டாத சிவப்பு

மார்ச் 4
இன்றும் நான் சொல்ல, மகள் நெசிபே எழுதுகிறாள். எனக்கு எழுத்துதான் தெரியாது, மறதி கிடையாது. பள்ளிவாசல் சாவி என் இடுப்புக்கு வந்து முப்பத்தெட்டு வருடம். மேற்குச் சுவரில் ஈரம் என்று பதினொரு பூ ஓடுகளைக் கழற்றிக்கொண்டு போனார்கள். நானூறு வருடத்துக்கு முன் இஸ்னிக் ஊர்ச் சூளையில் சுட்ட ஓடுகள். பழுதுபார்க்கும் மேஸ்திரி, உஸ்தா ருக்னெத்தினுக்குத் தேன் வாய். "பதினொண்ணு போகுது, பதினொண்ணு வரும், பெரியப்பா. இந்தத் தாள்ல ஒரு கைநாட்டு, அவ்வளவுதான்." வைத்தேன். நகல் ஒன்று கொடுத்தான்.

மார்ச் 9
சுவரில் பதினொரு வெற்றுச் சதுரம். அந்தப் பக்கம் பார்க்காமல் பெருக்கினேன்.

மார்ச் 21
ஓடுகள் வந்துவிட்டன. துலிப் பூ, கார்னேஷன் பூ, எல்லாம் அதனதன் இடத்தில். மூன்றாவது ஓட்டில், அன்றைக்கு வரைந்தவன் கை தவறி ஒரு துலிப்புக்கு இதழ் நுனியை விட்டுவிட்டான், அதுகூட அப்படியே.
துடைக்கும்போது கை நின்றுவிட்டது. பழைய சிவப்பு, ஆறிய காயத்தின் பொருக்கு மாதிரி மேடாக நிற்கும். கண்ணை மூடிக்கொண்டே பூவைத் தடவலாம். இது வழவழவென்று போகிறது. பதினொன்றும்தான்.
எல்லாம் போலி. ருக்னெத்தின் தப்பைக்கூட விடாமல் பார்த்து வரைந்திருக்கிறான் — எத்தனை நாளாக எங்கள் சுவர் மேல் கண்?

மார்ச் 22
இமாமிடம் சொன்னேன்.
"உங்களுக்குக் கண்ணு மங்கிப்போச்சு."
"கண்ணை யாரு கேட்டா, ஹோஜா? தொட்டுப் பாருங்க."
தொடவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

மார்ச் 23
நெசிபே நகலை வாசித்தாள். ஓடுகள் தூளாகிவிட்டன, குப்பையில் கொட்டியது நான்தான் என்று இருக்கிறது.
"எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கக் கூடாதாப்பா?"
படித்துக் காட்டு என்று சொல்ல வெட்கம். குழந்தை மாதிரி கேட்கிற வயதா எனக்கு?

மார்ச் 26
ருக்னெத்தின் வந்தான். கிழக்குச் சுவரிலும் ஈரமாம். அறுபது ஓடு.
"இன்னொரு கைநாட்டு, பெரியப்பா. போலீஸ் கீலீஸ்னு போனீங்கன்னா மொதத் தாள் பேசும். இந்த வயசுல ஜெயில் சூப்பு ஒத்துக்காது."
சிரித்தபடி என் டீயை எடுத்துக் குடித்தான்.

மார்ச் 27
போலீஸ் நிலையத்துக்கு நானே போகிறேன்; தாள் என்னைப் பிடித்தாலும் அறுபது ஓடு தப்பும். இதை எழுத மாட்டேன் என்று நெசிபே அழுதாள். எழுதிவிட்டாள்.

ஏப்ரல் 10
சிறையில் பார்வையாளர் நேரம். கம்பிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து நெசிபே எழுதுகிறாள். விசாரணை முடியும்வரை பள்ளிவாசலுக்குச் சீல். சாவி மட்டும் இமாமிடம்.
"ஜன்னல் வழியா பாத்தேம்ப்பா. கிழக்குச் சுவர்ல அறுபதும் இருக்கு."
கண்ணுக்கு இருக்கும். வேறென்ன என்றேன். பேனாவைக் கீழே வைத்தாள்.
"சீல் வச்ச கதவுக்கு உள்ளேயிருந்து ஈர சிமெண்ட் வாசனை வருதுப்பா."