முதலில் வாயைத் திறப்பவர்

மார்ச் 3, செவ்வாய்

மதியத்துக்கு மேல் கடையை மச்சானிடம் விட்டுவிட்டு ஆங்கில வகுப்புக்குப் போனேன். அச்சகத்துக்கு மேலே ஒற்றை அறை. கீழே இயந்திரம் ஓடினால் மேலே நாற்காலி ஆடும். டீச்சருக்கு என் வயதில் பாதிதான் இருக்கும். இன்றைய பாடம், ஒரு வாக்கியத்தையே வேறு சொற்களில் திருப்பி எழுதுவது. பொருள் மட்டும் இம்மியும் நகரக் கூடாதாம்.

"அந்த வீட்டின் கதவு பழையது, திறந்தால் சத்தம் போடும்." இதுதான் கொடுத்த வாக்கியம்.

நான் ஆங்கிலத்தில் எழுதியதன் சாரம்: "அந்த வீட்டின் கதவு பல ஆண்டுகள் உழைத்தது, யார் உள்ளே வந்தாலும் வீட்டுக்காரருக்கு உடனே தெரிந்துவிடும்."

டீச்சர் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த பேனா விழுந்துவிட்டது. "சார், நீங்க கதவை மாத்தி எழுதல. கதவை விக்கிறீங்க!"

மதிப்பெண் பூஜ்யம். இருபத்தாறு வருஷமாகப் பூட்டும் கீலும் தாழ்ப்பாளும் விற்கிறவன் கதவை வேறு எப்படிப் பார்ப்பான்?

சிரிக்கிற நிலைமையிலும் நான் இல்லை. மனைவி கடல் தாண்டி ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். போய் இரண்டு வருஷமாகிறது. நான் அங்கே போய் அவளோடு இருக்க வேண்டுமென்றால் இந்தப் பரீட்சையில் ஒவ்வொரு பகுதியிலும் ஒன்பதுக்கு ஐந்து வாங்க வேண்டும். போன தடவை எழுத்திலும் பேச்சிலும் நாலு. அங்கே இன்னும் மூன்று வருஷம் இருப்பதென்றால் ஏப்ரல் கடைசிக்குள் அவள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாக வேண்டும்.

மார்ச் 5, வியாழன்

"சின்ன அறை" என்பதைக் "கச்சிதமான அறை" என்று எழுதினேன். அதையும் அடித்துவிட்டார்.

மார்ச் 9, திங்கள்

இன்று உரையாடலை நிரப்புவது. ஒருவர் பேசியது அச்சில் இருக்கும். மற்றவர் சொல்லும் பதிலை நாம் எழுத வேண்டும்.

நண்பர் சொல்கிறார்: சனிக்கிழமை நாடகத்துக்குப் போகிறேன், கூட வருகிறாயா?
நான் எழுதியது: வேறு யார் யார் வருகிறார்கள்?

வீட்டுக்காரர் சொல்கிறார்: இதுதான் அறை, பிடித்திருக்கிறதா?
நான் எழுதியது: ஜன்னல் ஏன் இவ்வளவு சின்னது?

பத்தில் எட்டு இப்படித்தான். டீச்சர் தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். "யாரு என்ன கேட்டாலும் நீங்க திருப்பி ஒரு கேள்வி கேக்குறீங்க சார். பதிலே காணோம்."

எங்கள் தொழில் அப்படி என்று விளக்கினேன். பிடித்திருக்கிறது என்று சொன்ன நிமிஷமே ஆள் காலி. ஆசையை முதலில் யார் காட்டுகிறாரோ அவர்தான் இறங்கிவர வேண்டியிருக்கும். நடைபாதையில் ஒரு மரப்பெட்டி நிறையப் பூட்டு வைத்து உட்கார்ந்த முதல் வாரத்திலேயே இதைக் கற்றுக்கொண்டேன். இன்று எனக்குச் சொந்தக் கடை இருப்பதே அதனால்தான்.

"எதிர்ல இருக்கிறவர் வியாபாரி இல்ல சார். நண்பர். கூட வர்றியான்னுதான் கேக்குறார்."

அது உண்மைதான். ஆனால் பேரம் இல்லாமல் நான் யாரிடம் பேசியிருக்கிறேன்? வீடு வரும்வரை யோசித்துப் பார்த்தேன். ஒரு ஆளும் நினைவுக்கு வரவில்லை. வேடிக்கையாக இருக்கிறது. கொஞ்சம் பயமாகவும்.

மார்ச் 12, வியாழன்

ஒரு சோதனை செய்து பார்த்தேன். கடைக்கு வருகிறவர்கள் கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்கிறார்களா என்று காலையிலிருந்து அட்டைப்பெட்டியின் பின்பக்கத்தில் கோடு போட்டுக்கொண்டே வந்தேன். ஒருத்தரும் சொல்வதில்லை! "எந்த மாதிரிக் கதவு?" என்றால் "இதுக்கு முன்னாடி வாங்குனது ஆறே மாசத்துல துரு பிடிச்சிடுச்சு" என்கிறார்கள்.

நாலு மணிக்கு ஒரு அம்மா வந்தார். பித்தளைப் பூட்டு ஒன்றைக் கையில் எடுத்து, "எனக்கு இது ரொம்பப் பிடிச்சிருக்கு, கண்டிப்பா வேணும்" என்றார். அவ்வளவுதான். எனக்குக் கை ஓடவில்லை. குறைத்துக் கொடுக்கிற கடைசி விலையை நானே சொல்லி, சாவி கொஞ்சம் இறுகும், எண்ணெய் விடுங்கள் என்று பூட்டின் குறையையும் சொல்லி அனுப்பினேன்.

மச்சான் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். "என்ன அத்தான், உடம்பு கிடம்பு சரியில்லையா?"

ஆசையைச் சொன்ன அந்த அம்மாவுக்கு நஷ்டம் ஒன்றும் ஆகவில்லையே. இது எப்படி?

மார்ச் 15, ஞாயிறு

மனைவியிடமிருந்து போன். பேசி முடித்ததும், பாடப் புத்தகத்தில் இருப்பதுபோல எழுதிப் பார்த்தேன்.

அவள்: படிப்பு எப்படிப் போகுது?
நான்: அங்க குளிர் எப்படி இருக்கு?
அவள்: நான் படிப்பைக் கேட்டேன்.
நான்: ஏன், உன் தம்பி ஏதாவது சொன்னானா?
அவள்: வர இஷ்டமில்லன்னா சொல்லிடுங்க. நான் கையெழுத்துப் போடாம வந்துடறேன்.
நான்: நீ என்ன நினைக்கிற?
அவள்: சரி, கடைக்கு ஆள் வந்திருப்பாங்க. போங்க.

ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. அது அவளுக்குத் தெரியாதா என்ன?

மார்ச் 16, திங்கள்

"வர இஷ்டமில்லன்னா சொல்லிடுங்க." இதை வேறு சொற்களில் எழுத முடியுமா? பொருள் நகராமல்?

ஒன்று: நீங்கள் வராவிட்டாலும் எனக்குச் சம்மதம்தான். — தப்பு. இது என் வசதிக்கு நான் பூசிய பாலிஷ்.

இரண்டு: நீங்கள் வரமாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். — இதுவும் தப்பு. அவள் அப்படிச் சொல்லவில்லை.

மூன்று: நீங்கள் வர விரும்புகிறீர்களா என்பதை இரண்டு வருஷமாக என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

மூன்றாவதை எழுதிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றையும் ஆங்கிலத்தில் எழுதி டீச்சரிடம் காட்டினேன். கடைசியில் இருந்ததற்கு மட்டும் சரி போட்டார். "இது கரெக்ட்டா வந்திருக்கு சார். மூல வாக்கியம் எந்தப் புத்தகத்துல இருக்கு?"

"ஒரு நர்ஸ் சொன்னது" என்றேன்.

மார்ச் 18, புதன்

சரி. எனக்குப் போக விருப்பமா? இந்த நாட்குறிப்பில் மறைத்து யாரிடம் லாபம் பார்க்கப்போகிறேன்? எழுதிவிடுகிறேன்.

பயமாக இருக்கிறது. இங்கே ஷட்டரைத் தூக்கினால் தெருவில் பத்துப் பேர் வணக்கம் சொல்கிறார்கள். அங்கே அவள் வேலைக்குப் போய்விடுவாள், நான் அறையில் உட்கார்ந்திருப்பேன். நாலு மார்க் ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு யாரிடம் என்ன பேசுவது? நான் யாரென்று அங்கே எவனுக்குத் தெரியும்?

அதெல்லாம் இருக்கட்டும். வீட்டு வாசல் பூட்டு ஒன்றரை வருஷமாகச் சிக்குகிறது. தினமும் தோளால் கதவை முட்டித்தான் திறக்கிறேன். கடையில் முந்நூறு பூட்டு தொங்குகிறது, இதை மட்டும் மாற்றவில்லை. சோம்பேறித்தனம் என்று மச்சான் கிண்டல் செய்கிறான், நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அது இல்லை. அந்தப் பூட்டின் இன்னொரு சாவி அவள் கைப்பையில் இருக்கிறது.

பிறகென்னடா கேள்வி உனக்கு?

மார்ச் 22, ஞாயிறு

அவள் கூப்பிடும்வரை காத்திருக்காமல் நானே கூப்பிட்டேன். அவள் "சொல்லுங்க" என்று முடிப்பதற்குள் போட்டு உடைத்தேன். "எனக்கு அங்க வரணும். உன்கூட இருக்கணும். பாஸ் ஆகலைன்னா மறுபடி எழுதுவேன்."

அவள் கேட்டாள்: "கடையில ஏதாவது பிரச்சனையா?"

"இல்ல."

"பிரஷர் பாத்தீங்களா?"

"பிரஷர் நல்லாத்தான் இருக்கு. கேட்டதுக்குப் பதில் சொன்னேன். போன வாரம் கேட்டியே."

அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று பிடிபடவில்லை. "இதை ஏர்போர்ட்டுலயே சொல்லியிருக்கலாமே. அன்னைக்குப் பெட்டி எத்தனை கிலோ, பெட்டி எத்தனை கிலோன்னு கேட்டுக்கிட்டே நின்னீங்க."

அந்தப் பித்தளைப் பூட்டு அம்மா மட்டும் மறுபடி வந்தால் ஒரு கும்பிடு போட வேண்டும்.

ஏப்ரல் 4, சனி

பரீட்சை. பேச்சுத் தேர்வில் எதிரே இருந்தவர், "இந்த ஊரை விட்டுப் போனால் எதற்காக ஏங்குவீர்கள்?" என்று கேட்டார். நான் போகப்போகிறேன் என்று உங்களுக்கு யார் சொன்னது என்று தொண்டைவரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டு, காலையில் ஷட்டர் தூக்கும் சத்தத்தைப் பற்றிச் சொன்னேன். இலக்கணம் நொண்டியிருக்கும். சொன்னது உண்மை.

ஏப்ரல் 20, திங்கள்

பேச்சில் ஐந்தரை. எழுத்தில் நாலரை. போச்சு. அரை மார்க்.

எந்தப் பூச்சும் இல்லாமல் அவளிடம் சொன்னேன். "ஃபெயில். ஜூன்ல மறுபடி."

"நான் கையெழுத்துப் போட்டுட்டேன், வெள்ளிக்கிழமையே."

"ரிசல்ட் வர்றதுக்கு முன்னாடியேவா?" பாருங்கள், மறுபடியும் கேள்வி! ஆனால் இந்தக் கேள்விக்கு அவளிடம் பதில் இருந்தது.

"வருவீங்கன்னு தெரிஞ்சுபோச்சு. என்னைக்குங்கிறது மட்டும்தானே பாக்கி."

ஏப்ரல் 21, செவ்வாய்

வகுப்பு. சின்ன அறையைச் சின்ன அறை என்றே எழுதினேன்.

ஆகஸ்ட் 9, ஞாயிறு

ஜூனில் எழுத்திலும் ஐந்து வாங்கிவிட்டேன், நாளை விமானம். வாசல் பூட்டை மாற்றினேன். நாளையிலிருந்து மச்சான் குடும்பம் இந்த வீட்டில் இருக்கும். அவர்கள் தோளால் முட்டிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. புதுச் சாவி இரண்டையும் அவன் கையில் கொடுத்துவிட்டேன்.

கழற்றிய பழைய பூட்டைத் துடைத்து, துண்டில் சுற்றி, பெட்டியில் சட்டைகளுக்கு நடுவே வைத்தேன். மச்சான் பெட்டியைத் தராசில் ஏற்றிப் பார்த்துவிட்டு முகம் சுளித்தான். "அரை கிலோ கூடுதலா இருக்கு. இந்த உதவாத பூட்டு எதுக்கு அத்தான்?"

"இதோட சாவி உங்க அக்காகிட்ட இருக்குடா" என்று சொல்லிவிட்டு, இரண்டு சட்டைகளை வெளியே எடுத்துவைத்தேன்.