ஆளுக்கு ஆயிரம்

2024 ஜூலை 3
பருப்பு கருகிவிட்டது. கான்ட்ராக்டர் நவநீதனுக்கு ஆறு முறை போன் செய்தேன், எடுக்கவில்லை. ஆம்பூர் ஷூ கம்பெனிக்குத் தைக்க ஆள் வேண்டும் என்று மார்ச்சில் அவர்தான் கேட்டார். கணியம்பாடியில் வீடு வீடாக ஏறி இறங்கிப் பதினாலு பெண்களைச் சேர்த்துவிட்டேன். மூன்று மாதம் நின்றால் எனக்கு ஆளுக்கு ஆயிரம். எல்லோரும் நின்றார்கள்.

ஜூலை 6
ஆம்பூர் போனேன். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது, அது ஒன்றுதான் லாபம். கம்பெனி கேட்டில் நவநீதனைப் பிடித்தேன். "கமிஷனா? எழுதிக் குடுத்தனாக்கா?" என்று சிரித்தார். நானும் எதற்கோ சிரித்துத் தொலைத்தேன்.

ஜூலை 7
எழுதித் தரவில்லைதான். வாட்ஸ்அப்பில் குரலாக அனுப்பினார். போனில் இடமில்லை என்று மே மாதம் அழித்தது நானே. அந்தப் பணத்தை நம்பி, கூரைக்கு ஷீட் போட அம்மாவின் கம்மலை அடகு வைத்தேன். மாதம் முடிவதற்குள் மீட்காவிட்டால் ஏலம்.

ஜூலை 9
அந்தக் குரலை நாத்தனார் அமிர்தவள்ளிக்கு அனுப்பியது ஞாபகம் வந்தது. வராமலே இருந்திருக்கலாம். "உன்ன நம்பி எவன் துட்டு குடுப்பான் அண்ணி?" என்று கல்யாண வீட்டில் பத்து பேர் எதிரில் கேட்டவள். மூன்று வருடமாகப் பேச்சில்லை. வயிறு எரியட்டும் என்றுதான் அனுப்பினேன். இப்போது அவளிடமே போய் நிற்பதா?

ஜூலை 12
போகவில்லை.

ஜூலை 22
அடகுக் கடையிலிருந்து போன். விரிஞ்சிபுரம் போனேன். அமிர்தவள்ளி காபி வைத்தாள். குடித்து முடித்த பிறகுதான் அந்தக் குரல் இருக்கிறதா என்று கேட்டேன்.
"வச்சிருக்கேன் அண்ணி. மூணு வருஷத்துல நீ எனக்கு அனுப்புனது அது ஒண்ணுதான்."
அழுகை வந்தது. அவளுக்கு முன்னால் அழவில்லை.
நவநீதனுக்கு அவளே போன் போட்டு அந்தக் குரலை ஓடவிட்டாள். "அம்பிகாக்கா, ஆளுக்கு ஆயிரம், நம்பு." பிறகு, "கம்பெனி மேனேஜருக்கும் அனுப்பட்டா?" என்றாள்.

ஜூலை 26
பதினாலாயிரம் வந்தது. கம்மல் காதில்.

ஆகஸ்ட் 4
நவநீதன் இன்னும் பத்து பேர் கேட்கிறார். முதலில் எழுதி வாங்கிக்கொண்டேன். அமிர்தவள்ளி வந்திருந்தாள். விரிஞ்சிபுரத்தில் அவள் ஆள் பிடிப்பாள், கமிஷன் பாதிப் பாதி. சரி என்றேன்.
"வாயால சொன்னா ஆவாது அண்ணி. எழுதிக் குடு."
கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. இந்த நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து எழுதிக் கொடுத்தேன்.