முந்திப் போட்ட ஸ்தோத்திரக் காணிக்கை

உடுவில்,
ஞாயிற்றுக்கிழமை, பின்னேரம்.

அன்பு மகள் ஜெனிற்றாவுக்கு,

கர்த்தர் உன்னையும் மெல்பேர்னில் உன் ஆராய்ச்சி வேலையையும் காப்பாராக. நாங்கள் சுகம் என்று எழுதக் கை வரவில்லை. போனில் கதைக்கலாம்தான், ஆனால் மணி அடித்தவுடனே அப்பா வந்து ஸ்பீக்கரில் போடு என்பார். அதனால்தான் கடிதம். பக்கத்து வீட்டு நிஷானி இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்புவாள். கடைசிவரை வாசிக்காமல் போன் எடுக்காதே.

இன்று காலை ஆராதனையில் நடந்ததைக் கேள். ஸ்தோத்திரக் காணிக்கைக் கவர்களைப் போதகர் ஒவ்வொன்றாக வாசித்தார். ஒரு பிறந்தநாள், ஒரு விசா, பிறகு அப்பாவின் பெயர். “மகள் ஜெனிற்றா கண்டுபிடித்த மருந்தினால், சத்திரசிகிச்சை இல்லாமல் கால் குணமாகப் போவதற்காக, கிருபைரட்ணம்.” ஐயோ, என்ரை ஆண்டவரே! சுகம் கிடைத்த பிறகல்லவா எல்லாரும் காணிக்கை போடுவார்கள்? கையிலிருந்த பாட்டுப்புத்தகம் கீழே விழுந்துவிட்டது. வெளியில் வந்தால் சனம் கை கொடுக்கிறது. சிமியோன் மாஸ்டர் தன் மனைவிக்கும் அந்த மருந்தில் ஒரு ஊசி எடுப்பிக்க ஏலுமோ என்று கேட்கிறார். நான் என்னத்தைச் சொல்ல? ஓட்டோ பிடித்து வந்துவிட்டேன்.

வீட்டில் அப்பாவிடம் கேட்டேன். வருகிற வெள்ளிக்கிழமை சத்திரசிகிச்சைக்கு வரமாட்டேன் என்று போன கிழமையே ஆஸ்பத்திரியில் கையெழுத்து வைத்துவிட்டாராம். என்னிடம் திகதி தள்ளிப்போச்சு என்று சொன்ன மனுசன்! நாற்பத்தொரு வருடமாக இவரோடு இருக்கிறேன், இப்படி ஒரு பொய்யை நான் கேட்டதில்லை.

காலின் நிலைமை முழுக்க உனக்குத் தெரியாது. உன்னைப் பயப்படுத்த வேண்டாமென்று அப்பா மறித்தார். நானும் பேசாமல் இருந்தேன். அது என் பிழை. சீனி வருத்தத்தால் இடது காலுக்குப் போகும் இரத்தக்குழாய் பழுதாகி அடைத்துவிட்டது. சின்ன விரல் கறுத்துப்போனது. அடைப்பைச் சுற்றி வேறு குழாய் பொருத்தினால் கால் தப்பும். இந்தக் கிழமை தாண்டினால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டி வரும். அதற்கும் பிந்தினால் உயிருக்கே ஆபத்து என்று டொக்டர் மயூரதன் சொன்னார்.

அப்பா என்ன சொல்கிறார் தெரியுமா? உன் மருந்து கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களுக்குள் இருக்குமாம். ஊசியால் ஏற்றினால் குழாய் பழுதான இடத்தைத் தேடிப்போய் ஒட்டி, அங்கே மட்டும் மருந்தை விடுமாம். “என்ரை பிள்ளை இதைச் செய்யேக்கை நான் ஏன் கத்திக்குக் காலை நீட்ட வேணும்?” என்கிறார். நத்தார் பண்டிகைக்குக் கதைத்தபோது முதல் ஊசி உங்களுக்குத்தான் அப்பா என்று நீ சொன்னாயாம். செல்லத்துக்குச் சொன்னாய், விளங்குகிறது. ஆனாலும் உன்னில் எனக்குக் கோபம்தான், மறைக்க மாட்டேன். அதை இன்னும் எலிகளில்தான் பரிசோதிக்கிறார்கள் என்றேன். எனக்கு விஞ்ஞானம் விளங்காதாம். மத்தியானம் போதகர் வந்து கெஞ்சியும் கேட்கவில்லை. சபைக்கு முன்னால் நன்றி செலுத்திவிட்டுக் கத்திக்குப் போனால் கர்த்தருக்கும் மகளுக்கும் அவமானமாம்.

டொக்டரோடு கதைத்தேன். புதன்கிழமை மத்தியானம் வரை அப்பாவின் சத்திரசிகிச்சைக்கு ஒதுக்கிய இடத்தை வேறு யாருக்கும் கொடுக்க மாட்டாராம்.

மகள், நீதான் சொல்ல வேண்டும். மருந்து மனிதருக்கு வர வருடக்கணக்காகும், உங்கள் காலைக் காப்பாற்ற என்னால் ஏலாது அப்பா என்று உன் வாயால் சொல்லு. உன்னைப் பற்றிப் பெருமை பேசியே உயிர் வாழ்கிற மனுசன். அந்தப் பெருமையை நீயே உடைக்க வேண்டும். ஒரு தாய் இதைக் கேட்கலாமா? கேட்கிறேன். எனக்கு அவர் வேண்டும்.

கர்த்தர் உன் நாவில் இருப்பாராக. ஒன்று மட்டும், பிள்ளை: கதைக்கும்போது அழுதுவிடாதே. நீ அழுதால் அவர் உன்னைத் தேற்றத் தொடங்கிவிடுவார். எத்தனை வருடமானாலும் உன் மருந்துக்காகக் காத்திருப்பேன் என்று உனக்கு வாக்குக் கொடுத்துவிடுவார்.

ஜெபத்தோடு,
உன் அம்மா
பியாட்றிஸ்